மொத்த உல்லனையும் பின்னிட்டாங்க! - டாக்டர் ஹூ மஃப்ளரும் திருப்பூர் சாம்பிள் ரூமும்

1974-ம் ஆண்டு. பிபிசி தொலைக்காட்சியின் உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் அச்சிசன் பல நிறங்களில் உல்லன் நூல் வாங்கினார். கத்தரிப்பூ நிறம், கடுகு மஞ்சள், துரு நிறம், சாம்பல் என்று ஏகப்பட்ட உருண்டைகள். எல்லாவற்றையும் பெகோனியா போப் என்ற பின்னல் கலைஞரிடம் கொடுத்து ஒரு மஃப்ளர் பின்னித் தரச் சொன்னார். வேண்டிய நிறத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார் என்பது கணக்கு. அந்த அம்மாவோ, கொடுத்த நூல் மொத்தத்தையும் பின்னி முடித்துவிட்டார்!

வந்து சேர்ந்தது மஃப்ளரா, மலைப்பாம்பா என்று சந்தேகம் வரும் அளவுக்கு நீளம். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டவர் ஆறே கால் அடி உயர நடிகர் டாம் பேக்கர். அவருக்கே கழுத்தைச் சுற்றியது போக மிச்சம் கணுக்கால் வரை தொங்கியது. வேறு யாராவது இருந்தால் பாதியை வெட்டியிருப்பார்கள். இவர்களுக்கோ அது பிடித்துப்போனது. 1974 டிசம்பர் 28-ம் தேதி 'டாக்டர் ஹூ' தொடரில் நான்காவது டாக்டராக அவர் திரைக்கு வந்தபோது, மஃப்ளரும் கூடவே வந்தது. உலக அறிவியல் புனைகதைத் தொடர்களில் மிகவும் பிரபலமான பின்னல் துணி இன்றுவரை அதுதான்.

இந்தக் கதையை ஒரு திருப்பூர் மெர்ச்சன்டைசரிடம் சொன்னால் என்ன சொல்வார்? "அளவு எழுதாம ஆர்டர் கொடுத்தா இப்படித்தானுங்க ஆகும்!" என்று சிரிப்பார். ஆனால், கதையின் அடுத்த பாதி அவருடைய தொழிலுக்கே சொந்தமானது. அதே மஃப்ளரை அச்சு அசலாக இன்னொன்று செய்வது எப்படி?

எது அசல்?

தொடர்களிலும் படங்களிலும் வரும் பொருட்களை அப்படியே நகலெடுத்துச் செய்வது உலகம் முழுக்கப் பெரிய பொழுதுபோக்கு. துப்பாக்கி, ஹெல்மெட், ரோபோ, விண்கலம் என எதையும் விட்டுவைப்பதில்லை. 'டாக்டர் ஹூ'வின் பயங்கர எதிரிகளான டாலெக்குகளை வீட்டிலேயே செய்து பார்க்க, 1973-ல் 'ரேடியோ டைம்ஸ்' இதழ் தனது சிறப்பிதழில் வரைபடமே வெளியிட்டது. மஃப்ளர் விஷயத்திலும் அப்படித்தான். பின்னும் முறையைக் கேட்டு எழுதிய ரசிகர்களுக்கு பிபிசியே தட்டச்சு செய்த குறிப்பை அனுப்பியிருக்கிறது.

அதைப் பார்த்துப் பின்னியவர்களில் பலருக்குத் திருப்தி இல்லை. திரையில் பார்த்த பட்டைகளுக்கும் தங்கள் கையில் இருக்கும் பட்டைகளுக்கும் பொருத்தம் இல்லாததுபோல் தோன்றியது. சில ரசிகர்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு நிறப் பட்டையிலும் எத்தனை வரிசை என்று எண்ண ஆரம்பித்தார்கள். மொத்தம் ஏழு நிறங்கள் என்று கண்டுபிடித்தார்கள். எந்த நிறத்துக்குப் பிறகு எந்த நிறம் என்று பட்டியல் போட்டார்கள்.

அப்போதுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. அசல் என்று ஒன்றே ஒன்று இல்லை!

டாம் பேக்கர் 1981 வரை ஏழு ஆண்டுகள் அந்த வேடத்தில் நடித்தார். அந்தக் காலத்தில் மஃப்ளர் இழுபட்டது, நைந்தது, நீளம் மாறியது. கூடுதலாக இன்னொரு மஃப்ளர் பின்னப்பட்டது. சில துண்டுகள் இடம் மாறின. 1980-ல் உடை வடிவமைப்பாளர் ஜூன் ஹட்சன், பழைய நிறங்களை விட்டுவிட்டு ஒயின் சிவப்பு, துரு, கத்தரிப்பூ நிறங்களில் புதிதாகவே ஒன்றை உருவாக்கிவிட்டார். ஆகவே 'டாக்டர் ஹூ மஃப்ளர் வேண்டும்' என்று கேட்டால், 'எந்த வருஷத்து மஃப்ளர்?' என்பதுதான் முதல் கேள்வி.

திருப்பூரில் இந்தக் கேள்விக்குத் தினமும் பதில் சொல்கிறார்கள். வெளிநாட்டு பையர் ஒரு டி-ஷர்ட்டை அனுப்பி 'இதேபோல் வேண்டும்' என்பார். செய்து அனுப்பினால் கழுத்தை அரை இன்ச் குறைக்கச் சொல்வார். மறுபடி அனுப்பினால் துணி கனமாக வேண்டும் என்பார். ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பி.பி. சாம்பிள் என்று படிப்படியாகப் போய், கடைசியில் ஒரு துணிக்கு 'ஓகே' கிடைக்கும். அதில் சீல் வைத்துப் பத்திரப்படுத்துவார்கள். அதற்குப் பிறகு தைக்கப்படும் ஆயிரக்கணக்கான உருப்படிகளுக்கும் அந்த ஒரு சீல்டு சாம்பிள்தான் அசல். பையர் முதலில் அனுப்பிய டி-ஷர்ட்கூட அதற்குப் பிறகு செல்லாது.

வீட்டில் மஃப்ளர் பின்ன உட்காருபவரும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். எந்த ஆண்டு, எந்தக் கதை, எந்தக் காட்சி என்று ஒன்றை முடிவுசெய்து அதற்கு சீல் வைத்துவிட வேண்டும். பாதியில் வேறு காட்சியைப் பார்த்து மனம் மாறினால் பின்னியதை எல்லாம் பிரிக்க வேண்டியதுதான்.

துணியைப் படிக்கும் கலை

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரிலிருந்து போகிறது என்பது தெரிந்த செய்தி. அந்த ஊரின் உண்மையான திறமை, ஒரு துணியைக் கையில் எடுத்ததும் அது எப்படி உருவானது என்று பின்னோக்கிப் படிப்பதில் இருக்கிறது.

சாம்பிள் ரூமுக்கு ஒரு துணி வந்தால் முதலில் எடை. ஜி.எஸ்.எம். கட்டர் என்ற வட்டமான கருவியால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி எடுப்பார்கள். அதன் எடை 1.6 கிராம் என்றால், நூறால் பெருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 160 கிராம். அதுதான் ஜி.எஸ்.எம்.

அடுத்து லென்ஸ். ஒரு இன்ச் அகலத்தில் எத்தனை கண்ணி, ஒரு இன்ச் உயரத்தில் எத்தனை வரிசை என்று எண்ணுவார்கள். பிறகு ஒரு நூலை உருவி, 30-ம் நம்பரா 40-ம் நம்பரா என்று பார்ப்பார்கள். 840 கெஜம் கொண்ட நூல் சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்ட் எடை வருகிறதோ, அதுதான் அந்த நூலின் நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும்.

மஃப்ளர் ரசிகர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதே வேலைதான். ஒரே வித்தியாசம், அவர்கள் கையில் துணி இல்லை. மங்கலான திரைப்படம் மட்டும்தான் இருந்தது.

அதிலும் ஒரு வழி இருக்கிறது. அந்த மஃப்ளர் கார்ட்டர் பின்னல் என்ற எளிய முறையில் பின்னப்பட்டது. கையால் பின்னுபவர் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் துணியைத் திருப்பிப் பிடித்து, மறுபடி அதே பின்னலைப் போடுவார். இதனால் துணியின் இரண்டு பக்கமும் வரப்பு வரப்பாகத் தெரியும். ஒரு வரப்பு என்றால் இரண்டு வரிசை. திரையில் 8 வரப்பு தெரிந்தால், அந்தப் பட்டை 16 வரிசை. நிறம் மாறும் இடத்தில், ஒரு பக்கம் கோடு போட்டதுபோல் சுத்தமாகவும், மறுபக்கம் இரண்டு நிறமும் புள்ளிபுள்ளியாகக் கலந்தும் இருக்கும். அதை வைத்தே கேமராவுக்குத் தெரிந்தது மேல்பக்கமா அடிப்பக்கமா என்று சொல்லிவிடலாம்.

பச்சை சட்டை, தங்கச் சட்டை

எண்ணிக்கைகூடப் பரவாயில்லை. நிறம்தான் ஆளைக் கவிழ்க்கும். இதற்கு இன்னொரு தொடரிலிருந்து ஒரு கதை.

1966-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' நம் ஊர் தூர்தர்ஷனிலும் 80-களில் ஒளிபரப்பானது. கேப்டன் கிர்க் போட்டிருந்த சட்டை என்ன நிறம் என்று கேட்டால், பார்த்தவர்கள் எல்லோரும் தங்க மஞ்சள் என்பார்கள். உண்மையில் அந்தத் துணி வெளிர் பச்சை! உடை வடிவமைப்பாளர் வில்லியம் தீஸ் தேர்ந்தெடுத்தது பச்சை. படப்பிடிப்புத் தளத்தின் விளக்கு வெளிச்சமும் ஃபிலிமும் சேர்ந்து அதைத் தங்க நிறமாகக் காட்டிவிட்டன. கிர்க் வேறு சில காட்சிகளில் அணியும் இன்னொரு வகைச் சட்டையும் அதே பச்சைக் குடும்பம்தான். ஆனால் அது வேறு துணி என்பதால் திரையிலும் பச்சையாகவே தெரிந்தது.

அப்படியானால் அச்சு அசலான கிர்க் சட்டை எந்த நிறத்தில் இருக்க வேண்டும்? துணியின் உண்மையான பச்சையா, உலகமே பார்த்த தங்கமா? இரண்டு கட்சியிலும் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது புது விஷயமே இல்லை. ஒரு துணி டியூப்லைட் வெளிச்சத்தில் சாம்பிளோடு ஒத்துப்போகும், வெயிலுக்குக் கொண்டுபோனால் தனியாகத் தெரியும். இதற்கு மெட்டமெரிசம் என்று பெயர். "என்னங்ணா, உள்ள பார்த்தப்ப சரியா இருந்துச்சு, வெளிய வந்தா சிவப்புத் தூக்கலா அடிக்குதுங்களே?" என்ற கேள்வி எழாத நாள் குறைவு. அதனால்தான் பையருக்கு லேப் டிப் அனுப்பும்போது ஒரே நிறத்தில் ஏ, பி, சி என்று சில சாயல்களை அனுப்புகிறார்கள். லைட் பாக்ஸ் என்ற பெட்டிக்குள் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டி.எல்.84, குண்டு பல்பு வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். எந்த வெளிச்சத்தில் ஒத்துப்போக வேண்டும் என்பதை பையர் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுவார்.

'டாக்டர் ஹூ'வில் இன்னும் ஒரு சங்கடம். அந்தக் காலத்து பிபிசி நாடகங்களில் ஸ்டூடியோ காட்சிகளை வீடியோவிலும் வெளிப்புறக் காட்சிகளைப் பெரும்பாலும் ஃபிலிமிலும் எடுப்பார்கள். ஒரே மஃப்ளர், கதவைத் திறந்து வெளியே போனதும் வேறு நிறமாகத் தெரியும். அது போதாதென்று இன்று நாம் பார்க்கும் ஒவ்வொரு போனின் திரையும் ஒவ்வொரு நிறம் காட்டுகிறது. படச்சட்டத்தில் வெள்ளைக் காலரோ, காகிதமோ இருந்தால் அதை உண்மையான வெள்ளையாக வைத்து மற்ற நிறங்களைத் திருத்திக்கொள்வது ஒரு நல்ல வழி.

அசல் பொருளே கையில் கிடைத்தாலும் கவனம் வேண்டும். 'ஸ்டார் ட்ரெக்' விண்கலத்தின் 11 அடி நீள மாடல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல முறை மேல்பூச்சு கண்ட அந்த மாடலை 2016-ல் மீண்டும் புதுப்பித்தார்கள். அப்போது அவர்களுக்குக் கைகொடுத்தது, தட்டு போன்ற பகுதியின் மேல்பக்கத்தில் பிழைத்திருந்த பழைய பெயின்ட். அதைப் பார்த்துத்தான் மற்ற இடங்களுக்கு நிறம் சேர்த்தார்கள். திருப்பூரிலும் வெளுத்த சட்டை ஒன்று சாம்பிளாக வந்தால், தையல் மடிப்பைப் பிரித்து உள்ளே பார்ப்பார்கள். வெயில் படாத அந்த இடத்தில்தான் உண்மையான ஷேடு இருக்கும்.

சுருங்கிய கேப்டன்

'ஸ்டார் ட்ரெக்' சட்டையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. முதல் இரண்டு சீசனுக்கும் வெலூர் என்ற, வெல்வெட் மாதிரி மெத்தென்ற பின்னல் துணியைப் பயன்படுத்தினார்கள். பார்க்க அழகு. ஆனால் சுத்தம் செய்யும் ஒவ்வொரு தடவையும் அது சுருங்கியது. நடிகர்களின் சட்டை நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போனது. மூன்றாவது சீசனில் வெலூரைக் கைவிட்டு, சுருங்காத டபுள் நிட் செயற்கை இழைத் துணிக்கு மாறினார்கள்.

பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்கும். பின்னல் துணி கண்ணிகளால் ஆனது. இழுத்தால் நீளும், நனைந்தால் தன் இயல்பு நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அதனால்தான் துணியில் 50 சென்டிமீட்டருக்குக் குறி போட்டு, துவைத்து, காயவைத்து, மறுபடி அளக்கிறார்கள். 47.5 வந்தால் 5 சதவிகிதச் சுருக்கம். சுருக்கத்தைக் கட்டுப்படுத்தவே காம்பாக்டிங் என்று தனியாக ஒரு வேலை நடக்கிறது.

ஆக, திரையில் இருக்கும் சட்டையை அளந்து நகலெடுப்பவர், அது எத்தனை முறை துவைத்த சட்டை என்றும் யோசிக்க வேண்டும். மஃப்ளருக்கு இது நேர்மாறு. கார்ட்டர் பின்னல் நீளவாக்கில் நன்றாக இழுபடும். அவ்வளவு நீள உல்லன் கழுத்திலிருந்து தொங்கும்போது தன் எடையாலேயே நீண்டுவிடும். திரையில் தெரியும் நீளத்துக்கே பின்னினால், நான்கு நாள் போட்டதும் தரையைக் கூட்டும்.

திருப்பூர் மெஷினில் பின்ன முடியுமா?

முடியும். ஆனால் எல்லா மெஷினிலும் முடியாது.

பனியன் துணி ஓட்டும் வட்ட வடிவ நிட்டிங் மெஷினில் சாதாரணமாக ஒரு இன்ச்சுக்கு 24 ஊசிகள் இருக்கும். கையால் பின்னும் மஃப்ளரில் ஒரு இன்ச்சுக்கு ஆறு கண்ணி என்று வைத்துக்கொண்டால், 10 இன்ச் அகலத்துக்கு 60 கண்ணி. அதே 60 கண்ணியை வட்ட மெஷினில் ஓட்டினால் இரண்டரை இன்ச் இடத்திலேயே முடிந்துவிடும். போதாததற்கு, அதில் வரும் சிங்கிள் ஜெர்ஸி துணியின் ஓரம் சுருண்டுகொள்ளும். பனியனை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கார்ட்டர் பின்னல் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் சுருளாமல் தட்டையாகக் கிடக்கும். மஃப்ளருக்கு அந்தப் பின்னலைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம்.

காலர், கைப்பட்டை பின்னுகிற ஃபிளாட் மெஷின்கள் இதற்கு நெருங்கிய சொந்தம். ஆனால் மெஷினில் துணியைத் திருப்பிப் பிடிக்க முடியாதே! அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் கண்ணிகளை முன் ஊசிப் படுக்கையிலிருந்து பின் படுக்கைக்கு மாற்ற வேண்டும். அதைச் செய்யும் வசதி கம்ப்யூட்டர் ஃபிளாட் மெஷின்களில் இருக்கிறது. ஊசியும் தடித்த உல்லனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வேகம் குறையும், வேலை நடக்கும்.

ஒரே ஒரு மஃப்ளர்தான் வேண்டும் என்றால் இரண்டு ஊசியும் பொறுமையும் போதும். வீட்டில் ஸ்வெட்டர் பின்னத் தெரிந்த பாட்டியோ அத்தையோ இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தொடங்கும் முன் இந்த நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

முதலில், எந்தக் காட்சியில் வரும் மஃப்ளர் என்பது. இரண்டாவது, பட்டைகளின் வரிசை: நிறம், வரப்பு எண்ணிக்கை, அதன் இரண்டு மடங்கு.

மூன்றாவது, ஒரு சின்னத் துண்டு பின்னிப் பார்த்து எடுக்கும் அளவு. இன்ச்சுக்கு எத்தனை கண்ணி வருகிறது என்பது ஆளுக்கு ஆள், கைக்குக் கை மாறும். பாட்டி இறுக்கிப் பின்னுவார், பேத்தி தளர்த்திப் பின்னுவாள். அகலத்தை உங்கள் கையின் அளவைக்கொண்டு கணக்கிடுங்கள்.

நான்காவது, நூல் கணக்கு. உதாரணத்துக்கு, 10-க்கு 10 இன்ச் துண்டு 30 கிராம் வந்தது என்று வைப்போம். 12 அடி என்பது 144 இன்ச். அப்படியானால் 14.4 துண்டுகள், அதாவது 432 கிராம். இதை நிறவாரியாகப் பிரித்து, கொஞ்சம் கூடுதலாக ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் அதே நிறம் கேட்டால் ஷேடு கொஞ்சம் மாறித்தான் கிடைக்கும். இது டையிங் யூனிட்டின் குற்றம் இல்லை, சாயத்தின் குணம்.

பக்கத்து ஊர் புஜ்ஜி

'இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம்ம பக்கம் யார் செய்கிறார்கள்?' என்று கேட்காதீர்கள். திருப்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் கோயம்புத்தூருக்கு, இந்திய சினிமாவின் மிகப் பெரிய அறிவியல் புனைகதைப் பொருட்களில் ஒன்றில் பங்கு இருக்கிறது.

2024 ஜூன் 27-ல் வெளியான 'கல்கி 2898 ஏடி' படத்தில் பிரபாஸ் ஓட்டும் 'புஜ்ஜி' காரை நினைவிருக்கிறதா? கீர்த்தி சுரேஷ் குரலில் பேசுமே, அதுதான். இயக்குநர் நாக் அஸ்வின் 2022-ல் சமூக வலைதளத்தில் ஆனந்த் மஹிந்திராவிடம் பொறியியல் உதவி கேட்டார். உடனே சரி என்றார் அவர். சென்னையை ஒட்டிய மஹிந்திராவின் ஆராய்ச்சிக் குழுவும், கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் படக்குழுவோடு கைகோத்தன. காகிதத்தில் வரைந்த கற்பனை, இரண்டு மின்மோட்டார்களும் பேட்டரியும் கொண்டு நிஜமாகவே ஓடும் சுமார் 6 டன் வாகனமாக வந்து நின்றது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் உருண்டையாக ஒன்று. 2024 மே 22-ல் ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் பிரபாஸே அதை ஓட்டிக்கொண்டு வந்தார்.

புஜ்ஜி நகல் அல்ல, அதுவே அசல். ஆனாலும் வேலையின் குணம் ஒன்றுதான். வரைந்தவர் மனதில் இருந்ததைத் தொழிற்கூடத்தில் இருப்பவர் அளவாகவும் எடையாகவும் மாற்றியாக வேண்டும். பம்பும் மோட்டாரும் செய்து பழகிய ஊர் அதைக் காரில் செய்தது. பின்னிப் பழகிய ஊர் துணியில் செய்யலாம்.

விற்கலாமா?

திருப்பூர்க்காரர்கள் யாரும் ஒன்றோடு நிறுத்த மாட்டார்கள். ஒன்று சரியாக வந்துவிட்டால், 'ஆயிரம் பீஸ் போட்டா என்ன?' என்ற எண்ணம் வந்துவிடும். அங்கேதான் ஜாக்கிரதை தேவை.

2002-ல் வந்து ஒரே சீசனில் நின்றுபோன அமெரிக்கத் தொடர் 'ஃபயர்ஃபிளை'. அதில் ஜேன் என்ற முரட்டு ஆளுக்கு அவனுடைய அம்மா ஒரு தொப்பி பின்னி அனுப்புவார். ஆரஞ்சும் மஞ்சளுமாக, காது மூடியோடு, பார்க்கவே சிரிப்பு வரும் தொப்பி. தொடர் நின்ற பிறகு ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் அதைக் கையால் பின்னி இணையத்தில் விற்றார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு உரிமையாளரான ஃபாக்ஸ் நிறுவனத்திடம் லைசென்ஸ் வாங்கி வேறொரு நிறுவனம் அதைத் தயாரிக்க ஆரம்பித்தது. 2013-ல் கையால் பின்னி விற்றவர்களுக்கு நோட்டீஸ் போனது. தொடரை நினைவில் வைத்திருந்ததே அந்த ரசிகர்கள்தான் என்று பெரிய கோபம் எழுந்தது. ஆனாலும் உரிமை, உரிமைதான்.

நீதிமன்றங்களும் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி சொல்வதில்லை. 'ஸ்டார் வார்ஸ்' படை வீரர்களின் வெள்ளை ஹெல்மெட்டை அச்சு அசலாகச் செய்து விற்றவர் மீது லூகாஸ் ஃபிலிம் வழக்குப் போட்டது. அந்தப் படத்துக்காகவே ஹெல்மெட் செய்து கொடுத்தவர் அவர்! 2011-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஹெல்மெட் ஒரு சிற்பம் ஆகாது என்று கூறியதால், பிரிட்டன் சட்டப்படி அவர் அதைச் செய்து விற்பதற்குத் தடை இல்லாமல் போனது. ஆனால் அமெரிக்காவில் அவர் தோற்றிருந்தார். ஒரே ஹெல்மெட், இரண்டு நாட்டில் இரண்டு தீர்ப்பு. ஏற்றுமதி செய்யும் ஊருக்கு இது முக்கியமான செய்தி. சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும்.

நம் நாட்டிலும் பதிப்புரிமைச் சட்டம், வடிவமைப்புச் சட்டம், டிரேட்மார்க் சட்டம் என்று மூன்று வேலிகள் இருக்கின்றன. ஆசைக்கு ஒன்று பின்னிக் கழுத்தில் போட்டுக்கொண்டு போட்டோ எடுப்பதும், தொடரின் பெயரையும் லோகோவையும் போட்டு ஆயிரம் பீஸ் விற்பதும் ஒன்றல்ல. விற்கும் எண்ணம் இருந்தால் முதல் மீட்டர் நூல் வாங்கும் முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். கார்ட்டூன் படம் போட்ட குழந்தைகள் உடைக்கு பையரிடம் லைசென்ஸ் காகிதம் கேட்டு வாங்கிப் பழகிய ஊருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பின்னியவர் பெயர்

கடைசியாக, மறுபடி அந்த மஃப்ளர்.

அதை வடிவமைக்கக் காரணமான ஜேம்ஸ் அச்சிசன் பிறகு 'தி லாஸ்ட் எம்பரர்' உட்பட மூன்று படங்களுக்கு ஆஸ்கர் விருது வாங்கினார். அவர் பெயர் சரித்திரத்தில் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் 50 ஆண்டுகள் கழித்தும் உலகம் முழுக்க உள்ள ரசிகர்கள் பெகோனியா போப் என்ற பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். நூல் தீரும் வரை பின்னிய ஒரு கைக்கு அவ்வளவு மரியாதை.

திருப்பூரில் பவர் டேபிளில் உட்கார்ந்து ஓவர்லாக் ஓட்டுபவர்கள், செக்கிங்கில் நிற்கும் அக்காக்கள், லேப் டிப் போடும் தம்பிகள் என எத்தனையோ லட்சம் பேரின் கைபட்ட துணி உலகம் முழுக்கப் போகிறது. அதில் பிராண்டு பெயர் இருக்கும், சைஸ் இருக்கும், எந்த நாட்டில் தயாரானது என்று இருக்கும். தைத்தவர் பெயர் எங்கேயும் இருக்காது. அவர்களும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு தொழிலாளியிடம் "நீங்க செஞ்சதுல உங்களுக்குப் பிடிச்சது எது?" என்று யாரும் கேட்பதும் இல்லை.

லீவு நாளில் அவர்களில் ஒருவர் தன் பையனுக்காக ஒரு விண்வெளி வீரனின் சட்டையையோ, மகளுக்காக ஒரு நீள மஃப்ளரையோ செய்து பார்க்கலாம். சீல்டு சாம்பிளை முடிவு செய்யவும், ஷேடு பார்க்கவும், அளவு எடுக்கவும் அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். தினமும் அடுத்தவருக்காகச் செய்கிற வேலையை ஒரு முறை தனக்காகச் செய்வது, அவ்வளவுதான்.

முடித்த பிறகு, உள்பக்கம் ஒரு சின்ன லேபிள் தைத்துவிடுங்கள். எந்தக் காட்சியைப் பார்த்துச் செய்தது, என்ன நூல், என்ன தேதி என்று எழுதுங்கள். கீழே, மறக்காமல், பின்னியவர் பெயர்.